ஒப்புக்குச் சப்பாணி

தெருவில் விளையாடியவர்களுக்கு இந்தக் காட்சி ஞாபகம் இருக்கும். அணி பிரித்தாகிவிட்டது. பக்கத்துக்கு ஐந்து பேர். பதினோராவதாக ஒரு பையன் மிச்சம் நிற்கிறான். விரட்டவும் முடியாது. அவன் அம்மா சண்டைக்கு வந்துவிடுவாள். சேர்த்துக்கொள்ளவும் முடியாது. கணக்கு உதைக்கும்.

'சரி, நீ ஒப்புக்குச் சப்பாணி. ஓரமா நில்லு.'

அவனும் நிற்பான். பந்து வெளியே போனால் ஓடிப்போய் எடுத்துத் தருவான். அவனுக்கு எப்போது சான்ஸ்? ஆடுகிறவர்களில் எவனையாவது வீட்டிலிருந்து 'சாப்பிட வாடா' என்று கூப்பிட வேண்டும். அதுவரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான்.

அப்படிக் காத்திருந்த ஒருவரைப் பற்றித்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன். அவர் நின்ற ஓரம், நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் கூடைப்பந்து அரங்கம். பெயர் ஜெரமி லின். அவருக்கு முன்னால் ஒருத்தர் இல்லை, வரிசையாக நான்கைந்து பேரை 'வீட்டில் கூப்பிட' வேண்டியிருந்தது. ஆச்சரியம், எல்லாரையும் கூப்பிட்டார்கள்!

அதற்கு முன்னால் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். கூடைப்பந்தில் ஒரு நேரத்தில் களத்தில் இருப்பவர்கள் ஐந்து பேர். பெஞ்சில் இன்னொரு பட்டாளம் உட்கார்ந்திருக்கும். கிரிக்கெட்டில் பன்னிரண்டாவது ஆள் தண்ணீர் பாட்டில் தூக்கியே காலம் தள்ளலாம். இங்கே அப்படி இல்லை. நிமிடத்துக்கு ஒருமுறைகூட ஆளை மாற்றலாம். போனவர் திரும்பி வரலாம். அமெரிக்காவின் என்.பி.ஏ. லீகில் ஓர் ஆட்டத்துக்கு 48 நிமிடம். யாருக்கு எத்தனை நிமிடம், யாரோடு சேர்ந்து என்பதுதான் கோச்சின் முழுநேரத் தலைவலி.

அந்த ஐந்து பேரில் பாயிண்ட் கார்டு என்று ஒருவர் உண்டு. பெரும்பாலும் அணியிலேயே குள்ளமானவர். பந்தைத் தட்டிக்கொண்டு முன்னேறி, யாருக்கு எப்போது எங்கே கொடுப்பது என்று முடிவு செய்பவர். கல்யாணப் பந்தியில் ஒருத்தர் வாளியைத் தூக்காமல் குறுக்கும் நெடுக்கும் நடந்து, 'அந்த இலைக்கு சாம்பார், இந்த இலைக்கு ரசம்' என்று விரட்டிக்கொண்டே இருப்பார் பாருங்கள், கிட்டத்தட்ட அவர் மாதிரி. அவர் சரியில்லை என்றால் சமையல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பந்தி நாறிவிடும்.

நம் ஆள் அந்தப் பாயிண்ட் கார்டுக்கு மாற்று. அதாவது, பந்தி மேஸ்திரிக்கு உடம்பு சரியில்லாத அன்றைக்குத் தேடப்படுகிறவர்.

லின் 1988-ல் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். பெற்றோர் தைவானிலிருந்து வந்தவர்கள். அப்பாவுக்கு கூடைப்பந்துப் பைத்தியம். வீடியோ பார்த்து ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு மகன்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். 2006-ல் லின் ஆடிய பாலோ ஆல்டோ பள்ளி அணி மாநில சாம்பியன். கேப்டன் அவர்தான். ஆனாலும் விளையாட்டு உதவித்தொகை கொடுத்து அழைக்க எந்தப் பல்கலைக்கழகமும் முன்வரவில்லை. ஹார்வர்டில் சேர்ந்தார். பொருளாதாரம் படித்தார். உலகமே மதிக்கிற இடம்தான். ஆனால் கூடைப்பந்துக்காரர்கள் ஆள் பிடிக்கப் போகிற இடமில்லை.

2010-ல் என்.பி.ஏ. ஆட்டக்காரர் தேர்வு. மொத்தம் 60 பேரை எடுத்தார்கள். லின் பெயர் வரவில்லை. அப்புறம் சொந்த ஊர்ப்பக்கத்து கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி ஒரு வாய்ப்பு கொடுத்தது. முதல் வருஷம் 29 ஆட்டங்கள். சராசரி 2.6 புள்ளிகள். நடுநடுவே மூன்று முறை இரண்டாம்தட்டு லீகுக்கு அனுப்பிக் கூப்பிட்டுக்கொண்டார்கள். தத்தளிப்பு என்றால் இதுதான்.

2011 ஜூலையில் முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் சம்பளத் தகராறு. லீகே கதவடைத்துவிட்டது. டிசம்பரில்தான் திறந்தார்கள். வழக்கமான 82 ஆட்டங்களை 66 ஆகக் குறைத்து, அதையும் நான்கு மாதத்துக்குள் திணித்தார்கள். இந்தத் திணிப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

டிசம்பர் 9. பயிற்சி முகாமின் முதல் நாளிலேயே வாரியர்ஸ் லின்னைக் கழற்றிவிட்டது. காரணம் ஆட்டமா? ம்ஹூம். டிஆண்ட்ரே ஜோர்டன் என்ற உயரமான ஆட்டக்காரரை வளைத்துப்போட அவர்களுக்குப் பணம் ஒதுக்க வேண்டியிருந்தது. என்.பி.ஏ.வில் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு ஒரு வரம்பு உண்டு. பெரிய தொகையை ஒரு பக்கம் எழுத, சின்னத் தொகைகளை இன்னொரு பக்கம் அடிக்க வேண்டும். லின் அடிக்கப்பட்டார். அத்தனை செய்தும் ஜோர்டன் கிடைக்கவில்லை. அவருடைய பழைய அணியே அதே பணத்தைக் கொடுத்து அவரை வைத்துக்கொண்டது.

ஹூஸ்டன் ராக்கெட்ஸ் லின்னை எடுத்துக்கொண்டது. எத்தனை நாளைக்கு? பன்னிரண்டு நாள். அங்கே ஏற்கெனவே மூன்று பாயிண்ட் கார்டுகள் இருந்தார்கள். சாமுவேல் டாலம்பேர் என்ற சென்டரை எடுக்க இடமும் பணமும் தேவைப்பட்டது. டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், மறுபடியும் கழற்றிவிட்டார்கள்.

இரண்டு வாரத்தில் இரண்டு முறை வேலை போகிறது. இரண்டு தடவையும் அவர் நன்றாக ஆடினாரா இல்லையா என்பது கேள்வியாகவே இல்லை. பேரேட்டில் கூட்டல் இடிக்கிறது, அவ்வளவுதான். கம்பெனிகளில் ஆள்குறைப்பைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

இப்போது நியூயார்க்.

நியூயார்க் நிக்ஸ் அணி டைசன் சாண்ட்லர் என்ற நெடிய சென்டரைப் பெரும் விலை கொடுத்து வாங்கியிருந்தது. அதற்குப் பணம் புரட்ட, அனுபவசாலியான பாயிண்ட் கார்டு சான்ஸி பில்லப்ஸை விட்டுவிட்டார்கள். பதிலுக்கு எடுத்த பாரன் டேவிஸுக்கு முதுகுத்தண்டில் கோளாறு, ஆட முடியாது. டோனி டக்ளஸ் தடுமாறினார். மைக் பிபிக்கு வயதாகிவிட்டது. புதுப்பையன் இமான் ஷம்பர்ட் கிறிஸ்துமஸ் அன்று நடந்த முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டார். ஆள் இல்லை. டிசம்பர் 27 அன்று, மற்ற அணிகள் விட்டுவிட்டவர்கள் பட்டியலிலிருந்து லின்னை எடுத்துக்கொண்டார்கள்.

எடுத்தார்களே தவிர, ஆடவிடவில்லை. முதல் 23 ஆட்டங்களில் லின் களத்தில் இருந்தது மொத்தமே 55 நிமிடம்தான். ஜனவரியில் மறுபடி இரண்டாம்தட்டு லீக். அங்கே ஒரே ஆட்டத்தில் 28 புள்ளிகள், 11 ரீபவுண்ட், 12 அசிஸ்ட். ஒரு தலை திரும்பிப் பார்க்கவில்லை. நியூயார்க்கில் தங்க வீடு எடுக்கவில்லை. எந்த நிமிடமும் அனுப்பிவிடுவார்கள் என்று தெரிந்தவன் அட்வான்ஸ் கொடுத்து வீடு பிடிப்பானா? அண்ணன் வீட்டு சோபாவில் படுத்துக்கொண்டார். சம்பளம் வருஷம் முழுக்க உறுதியாக வேண்டுமானால் பிப்ரவரி 10-ஐத் தாண்ட வேண்டும். அதற்குள் கழற்றிவிட்டால் கணக்கு முடிந்தது.

பிப்ரவரி 3 ராத்திரி அண்ணன் வீட்டில் விருந்தாளிகள். சோபாவும் போச்சு. சக ஆட்டக்காரர் லாண்ட்ரி ஃபீல்ட்ஸ் வீட்டு சோபாவுக்கு மாறினார்.

மறுநாள் சனிக்கிழமை. நியூஜெர்சி நெட்ஸுடன் ஆட்டம். நிக்ஸ் அதுவரை 8 வெற்றி, 15 தோல்வி. கடைசி 13 ஆட்டங்களில் 11 தோல்வி. கோச் மைக் டான்டோனியின் வேலை அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு அது தொடர்ந்து மூன்றாவது நாள் ஆட்டம். நான்கு மாதத்தில் 66 ஆட்டத்தைத் திணித்தார்கள் என்றேனே, அதன் பலன். எல்லாருக்கும் கால் கனக்கிறது. ஊரின் கவனமோ மறுநாள் அமெரிக்கக் கால்பந்து இறுதிப்போட்டி ஆடப்போகும் நியூயார்க் ஜயன்ட்ஸ் மேல்.

வேறு வழியில்லாமல் பெஞ்சின் கோடியில் இருந்தவரைக் கோச் கூப்பிட்டார்.

லின் இறங்கினார். பந்து சரியான ஆட்களிடம் சரியான நேரத்தில் போக ஆரம்பித்தது. இடைவேளையில், இவனை இன்னும் ஆடவிடலாம் என்று கோச்சிடம் சொன்னவர் அணியின் நட்சத்திரம் கார்மெலோ ஆண்டனியேதான். ஆட்டம் முடிந்தபோது லின் 36 நிமிடம் ஆடி 25 புள்ளிகள், 7 அசிஸ்ட் எடுத்திருந்தார். நிக்ஸ் 99-92 என்று ஜெயித்தது.

அடுத்து பிப்ரவரி 6. யூட்டா ஜாஸுடன் ஆட்டம். இன்னொரு நட்சத்திரம் அமாரே ஸ்டூடமைரின் அண்ணன் கார் விபத்தில் இறந்துவிட்டார். ஸ்டூடமைர் ஊருக்குப் போய்விட்டார். ஆட்டம் தொடங்கி ஆறே நிமிடத்தில் ஆண்டனிக்குத் தொடை இடுக்கில் தசைப்பிடிப்பு. வெளியே போய்விட்டார். இரண்டு பெரிய தலைகளும் இல்லை. என்.பி.ஏ. வாழ்க்கையில் முதன்முறையாக ஆட்டத்தின் தொடக்கத்திலேயே களத்தில் இருந்த லின் 28 புள்ளிகள் எடுத்தார். வெற்றி.

இரண்டு நாள் கழித்து வாஷிங்டனில் 23 புள்ளிகள், 10 அசிஸ்ட். வெற்றி.

பிப்ரவரி 10. அதே கெடு தேதி! எதிரே லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ், கோபி பிரையன்ட். இந்தப் பையன் அப்படி என்ன செய்துவிட்டான் என்று தனக்குத் தெரியாது என்கிற தொனியில் முந்தைய நாள் பேசியிருந்தார் பிரையன்ட். அன்று அவர் எடுத்தது 34. லின் எடுத்தது 38. நிக்ஸ் 92-85.

அதற்குப் பிறகு நியூயார்க்கில் நடந்ததற்குப் பெயர் 'லின்சானிட்டி'. லின் பித்து என்று வைத்துக்கொள்ளுங்கள். டொரன்டோவில் ஆட்டம் முடிய அரை நொடி இருக்கும்போது தூரத்திலிருந்து போட்ட பந்து கூடைக்குள் விழுந்து ஜெயித்தார்கள். பிப்ரவரி 15-ல் தொடர்ந்து ஏழாவது வெற்றி. கணக்கு 15-15. தொடக்கத்திலேயே இறங்கிய முதல் ஐந்து ஆட்டங்களில் லின் எடுத்தது 136 புள்ளிகள். இரண்டு லீகுகள் 1976-ல் ஒன்றாக இணைந்த பிறகு வேறு எவரும் இத்தனை எடுத்ததில்லை. அரங்கத்தின் கம்பெனி பங்கு விலை உச்சத்துக்குப் போனது. ஜனவரி முதல் தேதியிலிருந்து நிக்ஸ் ஆட்டங்கள் வராமல் முடங்கிக் கிடந்த கேபிள் தகராறு பிப்ரவரி 17-ல் தீர்ந்தது.

இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதையாகவும் இருக்கலாம். நான் கேட்க நினைப்பது வேறு. நேற்றுவரை 55 நிமிடத்துக்குக்கூட லாயக்கில்லாத ஆள், ஒரே வாரத்தில் எப்படி இப்படி மாறினார்?

மாறவில்லை என்பதுதான் பதில். மாறியது அவரைச் சுற்றியிருந்த நான்கு பேர்.

டான்டோனியின் ஆட்டமுறையின் உயிர்நாடி, 'பிக் அண்ட் ரோல்'. உயரமான ஆள் ஒருவர் தூண் மாதிரி வந்து நின்று, பாயிண்ட் கார்டைத் துரத்துகிறவரை மறிப்பார். கார்டு அந்த இடைவெளியில் நழுவிப் போவார். இப்போது அவரைத் தடுக்க எதிரணியில் இரண்டு பேர் வந்தாக வேண்டும். இரண்டு பேர் வந்தால் எங்கேயோ ஒருவர் தனியாக நிற்கிறார் என்று அர்த்தம். கூடையை நோக்கி ஓடும் சாண்ட்லரா? மூலையில் தூரக்குறிக்குத் தயாராக நிற்கும் ஸ்டீவ் நோவாக்கா? ஒரு நொடியில் பார்த்துக் கொடுக்க வேண்டும். லின்னுக்கு அது கைவந்த கலை.

இந்த ஆட்டத்துக்குப் பந்து கார்டு கையில் இருக்க வேண்டும். மற்ற நான்கு பேரும் ஓட வேண்டும், மறிக்க வேண்டும், காத்திருக்க வேண்டும். அந்த ஒரு வாரம் லின்னோடு இறங்கியவர்களில் பாதிப்பேர் அவரைப் போலவே பெஞ்சுக்காரர்கள். பந்தை எனக்குக் கொடு என்று கேட்க அவர்களில் யாருக்கும் அந்தஸ்து இல்லை. ஆகவே ஓடினார்கள், மறித்தார்கள், காத்திருந்தார்கள். ஆட்டம் பிரமாதமாக ஓடியது.

சரி, நட்சத்திரங்கள் திரும்பி வந்தால்?

பிப்ரவரி 19-ல் நடப்பு சாம்பியன் டல்லஸை லின் 28 புள்ளி, 14 அசிஸ்ட்டோடு கவிழ்த்தார். அடுத்த நாளே ஆண்டனி திரும்பினார். பாரன் டேவிஸும் முதுகுவலி தீர்ந்து முதல்முறையாக இறங்கினார். பெஞ்ச் நிறைந்துவிட்டது. அன்று நெட்ஸிடம் தோல்வி. பிப்ரவரி 23-ல் மயாமி ஹீட் அணி லின்னை மூச்சுவிட விடாமல் நெருக்கியது. கூடையை நோக்கி எறிந்தது 11 முறை, விழுந்தது ஒன்று. பந்தைப் பறிகொடுத்தது 8 முறை. பலவீனம் எது என்று ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது.

ஆண்டனியைக் குறை சொல்லிப் பயனில்லை. பந்தைக் கையில் வாங்கி, எதிராளியை ஒண்டிக்கு ஒண்டியாக நிறுத்தி, அவனைத் தாண்டிப் புள்ளி எடுப்பது அவருடைய ஆட்டம். அதில் அவர் மன்னன். அதற்குத்தான் அவருக்கு சம்பளமே. ஆனால் ஒரே கரண்டியை இரண்டு பேர் பிடித்துக் கிண்ட முடியாது. மார்ச்சில் தொடர்ந்து ஆறு தோல்வி. மார்ச் 14-ல் டான்டோனி ராஜினாமா செய்தார். புதிய கோச் மைக் வுட்சன் கரண்டியை ஆண்டனி கையில் கொடுத்தார். தப்பென்று சொல்ல முடியாது. மிச்சமிருந்த 24 ஆட்டங்களில் 18 வெற்றி. லின்? மார்ச் 24-க்குப் பிறகு ஆடவில்லை. முழங்கால் ஜவ்வு கிழிந்து அறுவை சிகிச்சை.

ஜூலையில் ஹூஸ்டன் மூன்று வருஷத்துக்கு 2.5 கோடி டாலர் தருவதாக ஒப்பந்தத்தை நீட்டியது. ஆமாம், பன்னிரண்டு நாளில் கழற்றிவிட்ட அதே ஹூஸ்டன்! அதே தொகையை நிக்ஸ் கொடுத்தால் லின்னை வைத்துக்கொள்ளலாம். ஆனால் மூன்றாம் வருஷம் மட்டும் ஏறக்குறைய 1.5 கோடி வருமாறு ஹூஸ்டன் தந்திரமாக எழுதியிருந்தது. வரம்பு மீறினால் கட்ட வேண்டிய வரி வேறு. மறுபடியும் பேரேடு. நிக்ஸ் கைகழுவியது. லின் இல்லாமலே அடுத்த பருவத்தில் 54 ஆட்டங்களில் ஜெயிக்கவும் செய்தது.

ஹூஸ்டனிலாவது பந்து லின் கையில் இருந்ததா என்றால், அதுவும் இல்லை. பருவம் தொடங்க சில நாட்களே இருக்கும்போது ஜேம்ஸ் ஹார்டன் என்ற மகா ஆட்டக்காரரை வாங்கிப் போட்டார்கள். பந்து அவர் கைக்குப் போனது. இரண்டாம் வருஷத்தில் லின் பெரும்பாலும் மறுபடி பெஞ்சில்.

அப்போது ஹூஸ்டனின் மேலாளராக இருந்த டாரில் மோரி ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டிருக்கிறார். மைக்கேல் லூயிஸ் 2016-ல் எழுதிய புத்தகத்தில் இது வருகிறது. 2010 தேர்வின்போதே அவர்களுடைய கம்ப்யூட்டர் கணக்கு, லின்னை முதல் சுற்றிலேயே எடுக்கலாம் என்றதாம். நேரில் பார்த்த நிபுணர்களின் கண்கள் ஏற்கவில்லை. வேகம் போதாது என்று நினைத்தார்கள். பிற்பாடு ஆட்டக்காரர்கள் முதல் அடி எடுத்துவைக்கும் வேகத்தைக் கருவி வைத்து அளந்தபோது, லின் எல்லாரையும்விட வேகம்! பின்னே ஏன் கண்ணுக்குத் தெரியவில்லை? ஆசிய முகம் என்பதைத் தவிர வேறு காரணம் தனக்குப் புலப்படவில்லை என்கிறார் மோரி. தன்னையும் சேர்த்தே சொல்கிறார்.

அப்படியானால் லின் ஓரத்தில் நின்றது எதனால்? நிறத்தாலா? இடம் இல்லாததாலா?

இதே கேள்விக்கு இன்னொரு பழைய கதை இருக்கிறது. அதுவும் இதே நிக்ஸ்தான். 1947-ல் வாட்டரு மிசாகா என்ற ஜப்பானிய வம்சாவளி கார்டை அவர்கள் எடுத்தார்கள். யூட்டா மாநிலத்தைச் சேர்ந்தவர், உயரம் 5 அடி 7 அங்குலம். பின்னாளில் என்.பி.ஏ. ஆன அந்த லீகில் வெள்ளையர் அல்லாத முதல் ஆட்டக்காரர் அவர்தான். கறுப்பின ஆட்டக்காரர்களே 1950-ல்தான் உள்ளே வந்தார்கள். போர் முடிந்து இரண்டே வருஷம். ஜப்பானிய முகம் என்றால் அமெரிக்கா எப்படிப் பார்த்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மூன்று ஆட்டம், ஏழு புள்ளி. அனுப்பிவிட்டார்கள். மிசாகா ஊருக்குப் போய், விட்ட படிப்பை முடித்து, எஞ்சினீயர் ஆனார். 95 வயதில் 2019-ல் இறந்தார். பாகுபாடா என்று கேட்டவர்களிடம் எல்லாம் அவர் சொன்ன பதில்: அணியில் கார்டுகள் அதிகமாக இருந்தார்கள்.

பெருந்தன்மையா, உண்மையா? இரண்டும் இருக்கலாம். ஓரத்தில் நிற்கிறவனுக்கு மட்டும் கடைசிவரை தெளிவாகத் தெரியாது. 'இடமில்லை' என்பது எல்லாக் காரணத்துக்கும் பொருந்துகிற பதிலாயிற்றே.

லின் அப்புறம் ஊர் ஊராகப் போனார். லாஸ் ஏஞ்சலஸ், சார்லட், புரூக்ளின், அட்லான்டா. 2017-ல் புரூக்ளினுக்காகப் பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் தசைநார் அறுந்து, அந்த வருஷம் முழுக்க வீண். 2019-ல் டொரன்டோ ராப்டர்ஸுக்கு மாற்று பாயிண்ட் கார்டாகப் போனார். அந்த வருஷம் டொரன்டோ சாம்பியன். தோற்கடித்தது யாரை? லின்னை முதன்முதலில் கழற்றிவிட்ட கோல்டன் ஸ்டேட்டை, அவர்கள் ஊரிலேயே. என்.பி.ஏ. பட்டம் பெற்ற முதல் ஆசிய அமெரிக்கர் என்ற பெருமை லின்னுக்கு. இறுதிச்சுற்று முழுவதிலும் அவர் ஆடியது ஏறக்குறைய ஒரு நிமிடம்.

அடுத்த மாதம் தைவானில் ஒரு மேடையில் பேசும்போது லின் அழுதுவிட்டார். பட்டம் கையில் இருக்கிறது, ஆனால் தான் சம்பாதித்ததாகத் தோன்றவில்லை. என்.பி.ஏ. தன்னைக் கைவிட்டுவிட்டது என்றார். அதற்குப் பிறகு எந்த என்.பி.ஏ. ஆட்டத்திலும் அவர் இறங்கவில்லை. சீனாவில் ஆடினார். கடைசியில் தைவானுக்கே போய்த் தம்பியோடு ஒரே அணியில் ஆடினார். அங்கே பந்து அவர் கையில் இருந்தது. பட்டங்கள் வந்தன. 2025 ஆகஸ்டில், 37 வயதில் ஓய்வை அறிவித்தார்.

என்.பி.ஏ.வில் மொத்தம் 480 ஆட்டங்கள். உலகம் ஞாபகம் வைத்திருப்பது அதில் பத்துப் பன்னிரண்டை. 'ஏதோ அதிர்ஷ்டம்' என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. ஒரு பங்கு அதிர்ஷ்டம்தான், மறுக்கவில்லை. பில்லப்ஸ் போக வேண்டும், ஷம்பர்ட் விழ வேண்டும், டேவிஸுக்கு முதுகு வலிக்க வேண்டும், ஸ்டூடமைர் வீட்டில் ஒரு சாவு விழ வேண்டும். இதில் எதையும் லின் செய்யவில்லை. செய்யவும் முடியாது. கதவு திறக்கிற வேலை அவர் கையில் இல்லை. மூடுகிற வேலையும் இல்லை.

ஆனால் 23 ஆட்டங்களில் 55 நிமிடம் ஆடியவன், சோபாவில் தூங்கி எழுந்து வந்து, கூப்பிட்ட அன்றைக்கு 25 புள்ளி எடுக்கிறான் என்றால், கூப்பிடாத நாட்களில் அவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் ஆபீஸிலும் ஒருத்தர் இருப்பார். மீட்டிங்கில் கடைசி நாற்காலி. யாராவது லீவு போட்டால்தான் அவருக்கு வேலை. அவரிடம் திறமை இல்லை என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், அவரோடு யாரைச் சேர்த்துவிட்டிருக்கிறோம், கரண்டி யார் கையில் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

அந்தப் பதினோராவது பையன் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டேதான் நிற்கிறான்.